சவுண்ட் கார்டு தேவையில்லை

ஐரோலியில் ஒரு கெமிக்கல் கம்பெனி. அதன் பர்ச்சேஸ் பிரிவில் நாணுவுக்கு நல்ல பேரும் உண்டு, கெட்ட பேரும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். யார் எதைக் கேட்டு வந்தாலும், "இது இல்லாம இத்தனை நாள் எப்படி ஓடித்து?" என்பார். புதுப் பம்ப் கேட்டு வந்தவர்கள் பழைய பம்பையே துடைத்து மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தக் கேள்வி அவரோடு ரயிலேறி மாட்டுங்கா வீட்டுக்கும் வந்துவிட்டது. மிக்ஸி, மெத்தை, மனைவி ஷ்யாமளாவின் மூக்குக் கண்ணாடி எல்லாமே நாணுவின் விசாரணையைத் தாண்டித்தான் உள்ளே நுழைந்தன. கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. தேவை என்று தெரிந்தால் மறுபேச்சில்லாமல் வாங்குவார். தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பையன் நிகிலின் கேமிங் கம்ப்யூட்டரும் அப்படி அலசி ஆராய்ந்து வாங்கியதுதான். நிகில் காலேஜ் டீமில் ஆடுகிறான். துப்பாக்கி விளையாட்டு. எதிராளியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டுச் சட்டென்று திரும்புகிறவன் பிழைப்பான், மற்றவன் செத்தான். நிகில் இப்போதெல்லாம் அடிக்கடி செத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, ரைட் சைடு சரியாவே கேக்கலை. பஞ்சு அடைச்சாப்பல இருக்கு. தனியா ஒரு சவுண்ட் கார்டு போட்டா செட் ஆயிடும்னு கடைக்காரன் சொல்றான். இப்படியே போனா என்னை டீம்லேர்ந்து தூக்கிடுவா."

"மதர்போர்டுலயே சவுண்ட் இருக்கேடா. கார்டு இல்லாமதானே இத்தனை நாள் ஆடினே?"

"அரே, இப்போதானேப்பா பிராப்ளம்!"

விசாரணை தொடங்கியது. செம்பூர் கடைக்காரர் கார்டு கட்டாயம் வேண்டும் என்றார். விற்கிறவர் வேறென்ன சொல்வார்? ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் கணேசபாண்டியனோ, "இப்பம் வர்ற போர்டுலயே எல்லாம் நல்லாத்தான் இருக்கும் சார். பாட்டு ரெக்கார்டு பண்ணுதவங்களுக்குத்தான் தனிக் கார்டு வேணும்" என்றான். நாணு ரயிலில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்தார். பாதிப் பேர் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். வாரங்கள் ஓடின. நிகில் டீமில் மாற்று ஆளாகிவிட்டான்.

"ஏன்னா, குழந்தை முகமே வாடிக் கிடக்கு. வாங்கிக் குடுத்துத் தொலையுங்கோளேன்" என்றாள் ஷ்யாமளா.

"தேவையான்னு தெரியட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணேசபாண்டியனிடம் ஒரு கார்டை இரவல் வாங்கி வந்து மாட்டினார். நிகிலின் ஹெட்செட்டைத் தன் காதில் வைத்துக்கொண்டார். கார்டோடு கேட்டார், கார்டைக் கழற்றிவிட்டுக் கேட்டார். ஒரு வித்தியாசமும் இல்லை.

"ரைட் சைடு கணீர்னு கேக்கறதுடா! கார்டு தேவையே இல்லை" என்றார். கம்பெனிக்கு லட்சம் ரூபாய் மிச்சப்படுத்திய நாளில்கூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

நிகில் வாங்கி மாட்டிக் கேட்டான். "எனக்கு அப்படி இல்லையேப்பா."

"எல்லாம் உன் பிரமை."

மெஷினில் குற்றமில்லை என்று நிரூபித்த மனிதர், அப்படியானால் குற்றம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

அடுத்த வாரம் நிகிலை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். சோபாவில் போனை வெறித்தபடி உட்கார்ந்திருந்தான். நாணுவுக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில், அவனுடைய வலது கைப்பக்கம், போய் உட்கார்ந்தார்.

"சரிடா, வாங்கிடலாம். நாளைக்கே போலாம்" என்றார் தணிந்த குரலில்.

அவன் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தார். "நிகில், கார்டு வாங்கித் தரேன்டா" என்றார் மறுபடியும். போனிலிருந்து கண் நகரவில்லை. அதற்குள் இடது பக்கம் சமையலறை வாசலில் நின்று ஷ்யாமளா, "காபி ஆறிண்டிருக்கு" என்று முணுமுணுத்தாள். நிகில் உடனே தலையைத் திருப்பினான்.

நாணு அவனுடைய வலது காதருகே விரலைச் சொடுக்கினார்; அவன் அசையவில்லை.

சயானில் காது டாக்டர் நிகிலைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். வலது காதின் நரம்பு மிகவும் பலவீனப்பட்டுவிட்டது என்றார். இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நாணுவுக்குத் தெரியும். நிகில்தான் சொன்னான். ஆரம்பித்த உடனே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், இப்போது நம்பிக்கை குறைவு என்றார் டாக்டர்.

நாணு என்னென்னவோ கேட்டார். வெளிநாட்டு மருந்து உண்டா, ஆபரேஷன் உண்டா, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, எங்கிருந்தாலும் தருவித்துவிடலாம். காது மெஷின் வைத்தால் சத்தம் கொஞ்சம் கூடும், பழைய காது திரும்பி வராது என்றார் டாக்டர். கேட்ட பொருளையெல்லாம் வேண்டாமென்று திருப்பி அனுப்பிப் பழகிய மனிதர், அன்றைக்கு எதையாவது வாங்கச் சொல்ல மாட்டாரா என்று டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நிகில் தானாகவே பேசினான்.

"நீ சொன்னதுதான்ப்பா கரெக்ட். கார்டு தேவையே இல்லை."

குத்திக் காட்டியிருந்தால்கூட நாணு தாங்கியிருப்பார். பையன் நிஜமாகவே ஒத்துக்கொண்டான்.