தொட்டில் சேலையில் முளைத்த மீசை

எங்கள் வீட்டுக்குச் செல்போன் வந்த வருசம்தான் அந்தக் காந்தப் பெட்டியும் வந்தது. துபாயிலிருந்து என் தம்பி தன் அக்காள் மகளுக்கென்று கொண்டுவந்தான். விரல் நீளத்தில் காந்தக் குச்சிகள், கூடவே கோலிக்குண்டு மாதிரி இரும்பு உருண்டைகள். "துணிமணி வாங்கியாந்தா ஆகாதாக்கும்?" என்று அவனைப் பிடித்து ஏசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஐந்தாம் வகுப்பு படித்த என் மகளோ சோறு தண்ணி மறந்தாள். கோபுரம் கட்டினாள், பாலம் கட்டினாள். ஒரு முனை ஒட்டும், திருப்பினால் தள்ளும் என்று தானாகக் கண்டுபிடித்துக் குதித்தாள். பிறகு எது எது ஒட்டும் என்று குச்சியும் கையுமாக வீடெல்லாம் அலைந்தாள். தோசைக்கல் ஒட்டியது; பித்தளைக் குடம் ஒட்டவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாரணாபுரத்தில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. விறகடுப்பில் நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் தொட்டில். அதில் என் கைப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

"யம்மா, தொட்டில்ல மீசை முளைக்குது!"

"ஏட்டி, புள்ள முளிச்சிருவான், அங்கிட்டுப் போ" என்று திரும்பினேன். தொட்டில் மடிப்பில் உரசிய குச்சியை அவள் நீட்டினாள். நுனியில் கறுப்பாக, மயிர் மயிராகச் சிலிர்த்து நின்றது.

அது இரும்புத்தூள். புஸ்வாணத்தில் பொறி பறக்க வெடிமருந்தோடு கலப்பது. பட்டாசுக் கம்பெனியில் அந்த மருந்தை அடைக்கிறவள் நான். பிள்ளைக்குப் புதுச்சேலையில் தொட்டில் கட்ட மாட்டோம். தாய் உடுத்திய பழஞ்சேலைதான் மெத்தென்று இருக்கும். வேலைக்குக் கட்டிக் கட்டி நைந்த சேலையைத்தான் அடித்துத் துவைத்துக் கட்டியிருந்தேன். இரும்பு மட்டும் தனியாகவா வந்திருக்கும்? மருந்தும் அந்த மடிப்பில்தானே கிடக்கும்! அடுப்பில் விறகு படபடவென்று பொறி விட்டது. அடிப் பாவி, பெற்ற பிள்ளையை வெடிக்குள் சுருட்டி வைத்தா ஆட்டியிருக்கிறேன்!

பிள்ளையை வாரி எடுத்தேன். சேலையை அவிழ்த்து வாசலுக்கு அப்பால் எறிந்தேன். ஆபத்தை வெளியே போட்டாயிற்று என்று பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மகள் விடவில்லை. பின்னால் வந்து என் கொண்டையில் குச்சியை வைத்து இழுத்தாள். முந்தின நாள் கம்பெனியில் கைகால், முகமெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். தலையை யார் கழுவினார்கள்?

"யம்மா, இங்கனதான் அம்புட்டு மீசை! அப்ப உன்னையும்ல வெளிய போடணும்?"

பிள்ளையை அவள் கையில் கொடுத்தேன். எழுந்து, நானே வாசலைத் தாண்டிப் போய் நின்றேன்.