ஐயம்பெருமாள் திறக்காத வரைபடம்

பொருநைக் கட்டுநர் சங்கத்துக்கும் பொருநைப் பொறியாளர் மன்றத்துக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவுதான். ஊரில் ஒரு சுவர் விரிசல் விட்டால் போதும், இவர்கள் அவர்களைக் கைகாட்டுவார்கள், அவர்கள் இவர்களை. வீட்டுக்காரன் நடுவில் நின்று முழிப்பான். அப்பேர்ப்பட்ட இரண்டையும் ஒரே கைபேசிச் செயலிக்குள் கொண்டுவர இரண்டு வருஷம் நடையாய் நடந்தவர் பாளையங்கோட்டை ஐயம்பெருமாள்.

முப்பது வருஷம் கட்டட மேற்பார்வை பார்த்தவர். செயலியின் வேலை எளிது. பொறியாளர் வரைபடத்தை மாற்றினால் அது உடனே வேலை நடக்கும் இடத்தில் நிற்பவர் கைக்கு வரும். அதைத் திறந்து பார்த்துச் சம்மதம் தட்டாமல் கான்கிரீட் போடக் கூடாது. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை சாரத்தடியில் உட்கார்ந்து இதைக் கொத்தனார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். "செல்போன் அண்ணாச்சி வந்துட்டாரு, எல்லாரும் கண்ணாடிய மாட்டுங்கலே" என்று கேலி செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். "படத்தப் பாக்காம ஒரு சட்டி கலவ போடக் கூடாது" என்பதை மட்டும் கெஞ்சுகிற குரலில் சொல்வார். இந்த மனுஷனுக்கு இதில் என்ன இவ்வளவு தவிப்பு என்று யாருக்கும் புரிந்ததில்லை.

தவிப்பின் காரணம் கங்கைகொண்டான் போகிற வழியில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கே ஒரு வீட்டுக்கு ஐயம்பெருமாள் மேற்பார்வையில் இரண்டு மாடி உயரத்தில் முகப்புத் தளம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் சட்டி விழுந்தாக வேண்டும், விழுந்தபின் நிறுத்தவும் கூடாது. வீட்டுக்காரர் தேங்காயும் கையுமாக நின்று, "என்னவே, மணி ஓடுதுல்லா" என்று விரட்டிக்கொண்டிருந்தார். கலவை எந்திரம் சுற்றத் தொடங்கிவிட்டது. தளத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த பவுல்ராஜ், வழக்கம்போல் முட்டுகளைக் கவனிக்க அடியில் போய் நின்றார். பதினொன்றரைக்குத் தளம் மொத்தமும் சரிந்தது. பவுல்ராஜ் வெளியே வரவில்லை.

நடுவில் இன்னும் ஒரு வரிசை முட்டும் குறுக்குச் சட்டங்களும் வேண்டும் என்று பொறியாளர் வரைபடத்தைத் திருத்தியிருந்தார். ஐயம்பெருமாளின் கைபேசிக்கே அனுப்பினேன் என்றார் அவர். ஐயம்பெருமாளின் முதலாளி சுந்தர், மருத்துவமனை வாசலிலேயே சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, சிக்னல் இல்ல, படம் வரலன்னு சொல்லிருங்க. அங்கன டவர் கிடையாதுன்னு ஊருக்கே தெரியும்." விசாரணையில் ஐயம்பெருமாள் அப்படியே சொன்னார். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டுச் சங்கத்தில் போய், இப்படி ஒரு செயலி வேண்டும் என்று நின்றார்.

இந்த ஆவணி மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மண்டபம். விளக்கேற்ற பவுல்ராஜின் மனைவி அமலோற்பவத்தை மணப்பாட்டிலிருந்து அழைத்திருந்தார்கள். விளக்கு எரிந்த பத்தாவது நிமிடம் சண்டை. வரைபடத்தைத் திறக்காமல் விட்டால் குற்றம் யார் தலையில் என்ற விதியில் இடித்தது.

"அனுப்புறதோட எங்க கடமை முடிஞ்சுது. கங்கைகொண்டான்லயும் நாங்க அனுப்பத்தான் செஞ்சோம்" என்றார் பொறியாளர் மன்றத் தலைவர் குமரவேல்.

சங்கத்தார் பக்கத்திலிருந்து சுந்தர் எழுந்தார். "வரவே இல்ல வே! ஐயம்பெருமாள் அண்ணாச்சி இங்கனதான இருக்காரு, கேளுங்க."

"பொய் சொல்லுத ஆளுகளோட கையெழுத்துப் போட நாங்க தயாரில்ல" என்று குமரவேல் காகிதத்தை மடித்தார்.

வரவில்லை என்றால் மன்றம் வெளியேறிவிடும், இரண்டு வருஷ உழைப்பு ஆற்றில் கரைத்த புளி. வந்தது என்றால் அவர் கதி அதோகதி, அதுவும் முன்வரிசையில் இருக்கும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே. ஐயம்பெருமாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வந்துச்சு. ஒம்பது நாப்பதுக்கு வந்துச்சு. வந்த சத்தம் கேட்டு இஞ்சினியர் பேரையும் பாத்தேன். ராகு காலம் வந்துருமேன்னு, போட்டுட்டுப் பைய பாத்துக்கிடலாம்னு போனச் சட்டப்பையில வச்சுட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலதான் தொறந்தேன். விசாரணையில சொன்னது பொய்."

சுந்தர் தலையைக் குனிந்துகொண்டார். குமரவேல் மடித்த காகிதத்தைப் பிரித்து, குற்றம் யார் தலையில் என்ற வரியை அடித்துவிட்டு, "வேலை நடக்கும் இடத்தில் நிற்பவர் திறந்தாரா என்று அனுப்பியவரும் கேட்டறிய வேண்டும்" என்று தன் கையால் எழுதினார். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். ஐயம்பெருமாளிடம் யாரும் பேசவில்லை. காவல் நிலையத்துக்கு நாளைக்கே போய்ச் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் அவர் தனியே நின்றபோது அமலோற்பவம் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் படத்தப் பாத்திருந்தா, முட்ட மாத்த எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"ரெண்டு மணி நேரம்மா."

அவள் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

"முட்டுக் குடுத்தது அவரு தான. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரே மாத்தியிருப்பாரே, அண்ணாச்சி."