பென்சிலில் எழுதிய முடிவு

பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதினேன். அதனால் ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய மருந்து மூன்று நாள் பிந்திப் போனது.

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். நோயாளியின் இரத்தத்தில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை வளர்ந்தால், அது எந்த இனம் என்று விரைவில் அறிய எங்களிடம் ஒரு வழி இருந்தது. அதில் சிறிது எடுத்து, ஒரு சிறு குழாயில் சீரம் என்ற இரத்தத் தெளிநீரோடு கலந்து, உடம்புச் சூட்டில் இரண்டரை மணி நேரம் வைத்து, நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். முளை விட்டிருந்தால் பெரும்பாலும் வழக்கமான மருந்து போதும். விடாவிட்டால் அந்த மருந்துக்கு மசியாத இனமாக இருக்கலாம். டொக்டர்கள் வேறு மருந்து தொடங்குவார்கள்.

அநேகமாக முளை விடும். அதனால் ரிப்போர்ட்டில் ‘முளை உண்டு’ என்று முன்கூட்டியே பென்சிலால் எழுதிவைத்து, பார்த்த பிறகு அதன்மேல் பேனாவை ஓட்டுவது எங்கள் பழக்கம். அந்தப் பெண்ணின் இரத்தம் வந்த அன்று ஆள் குறைவு. அவர் படுத்திருந்த வாட்டிலிருந்து ரிப்போர்ட்டை இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். குழாயை எடுக்காமலே பேனாவை ஓட்டினேன். பிறகு கென்டீனுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

அந்தப் பெண் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடி எடுத்த இரத்தத்தை ஒழுங்காகச் சோதித்தேன். ஒரு முளைகூட இல்லை. முதல் ரிப்போர்ட் பிழை என்று சொல்லாமல், புதிதாக வேறோர் ஈஸ்ட் சேர்ந்திருக்கிறது என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் நம்பி மருந்தை மாற்றினார். இரண்டு நாளில் அந்தப் பெண் இறந்துபோனார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான டொக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் பென்சில் பழக்கத்தை நிறுத்தினார். அது போதாது என்று பட்டதால் பஸ் ஏறி, இறந்தவரின் கணவரைத் தேடிப் போனேன்.

தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். சொன்னேன். சரியான மருந்து முதல் நாளே கிடைத்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று தெரியாது என்றும் சொன்னேன். அது எனக்கே சாக்குப் போலக் கேட்டது.

“பாக்க எவ்வளவு நேரம் ஆகும்ங்க ஐயா?” என்று கேட்டார்.

“அஞ்சு நிமிஷம்.”

அவர் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மருந்து கேக்கல, சாமி கூப்பிட்டுக்கிருச்சுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லி வச்சிருக்கேன். இப்ப நான் என்னான்னு சொல்றது?”

கையிலிருந்த கோப்பையைத் தரையில் வைத்தேன்.

“தேத்தண்ணியக் குடிங்க. பஸ் வந்துரும்.”

ஆறிப்போயிருந்ததை முழுவதும் குடித்தேன்.

பிறகும் ஒருமுறை போனேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு இறங்கினேன்.