நல்ல நேரத்தில் ஜோடி சேர்ந்த ரிமோட்

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஒரு சண்டை ரோபோ செய்தோம். சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். "நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் நேரா அடிச்சிக்க வேண்டியதுதானே, நடுவுல எதுக்கு ஒரு பொம்ம?" என்று எங்கள் உப்பளம் தெருவில் கேட்காத ஆள் இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். செய்தது நாங்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை, அதை மறைக்கவும் போவதில்லை.

நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கரண்ட் பேனலுக்கு ஒயரிங் செய்கிறேன். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா, அரியாங்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் ரோபோ சண்டை நடக்கப்போகிறது, யார் வேண்டுமானாலும் வரலாம், வயசு வரம்பு இல்லை என்று போனில் பார்த்துவிட்டு, அவர்தான் எனக்கு அனுப்பினார். கூடவே குரலில் ஒரு சேதி: "ஏம்மா, யார் வேணா வரலாம்னா நாமளும்தானே?"

அவ்வளவுதான், தொடங்கிவிட்டோம்.

நாலு சக்கரம், நாலு மோட்டார், முன்னால் தரையோடு தரையாகச் சரிந்த ஒரு இரும்புத் தகடு. எதிராளி மேலே ஏறியதும் அந்தத் தகடு அவனைத் தூக்கிக் கவிழ்க்கும். பார்க்க முறம் மாதிரியே இருந்ததால் முறம் என்றே பெயர். முறத்தால் புலியை விரட்டிய பரம்பரை நாங்கள், வேறென்ன பெயர் வைப்பது?

உடம்பைச் செய்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. தகடு வெட்டவும் துளை போடவும் மேட்டுப்பாளையத்தில் ஆளா இல்லை? ரிமோட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் என் உயிர் போனது. சென்னையில் இந்தச் சாமான் விற்கும் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில், "கொழந்தைக்கா மேடம்?" என்றார்.

"எனக்குத்தான்யா," என்றேன்.

துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிற ரிமோட்டை வாங்கச் சொன்னார். விசையை அழுத்தினால் ஓடும், பக்கத்திலிருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும், சுலபமாம். எங்கள் வீட்டுக்காரரும் அதற்கே ஜால்ரா போட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வண்டிக்கு ஸ்டியரிங்கே கிடையாது. இடது பக்கச் சக்கரங்கள் தனி, வலது பக்கச் சக்கரங்கள் தனி. ஒரு பக்கம் நின்று மறுபக்கம் ஓடினால்தான் திரும்பும். ஒரே குச்சியின் அசைவை இரண்டு பக்கத்துக்கும் கலந்து அனுப்ப ரிமோட்டுக்குத் தெரிய வேண்டும், முறத்தைத் தூக்கத் தனியாக இன்னொரு குச்சியும் வேண்டும். அதனால் இரண்டு குச்சி உள்ள ரிமோட்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"சிக்னல் போச்சுன்னா வண்டி நின்னுடுமா?" என்று கடைக்காரரைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். போட்டி விதியில் அதுதான் முதல் விதி.

"நிக்கும் மேடம். ரிமோட்டையும் வண்டியில இருக்குற ரிசீவரையும் மொத மொத ஜோடி சேப்பீங்கல்ல, அப்ப குச்சி எங்க இருக்கோ அதத்தான் ரிசீவர் ஞாபகம் வெச்சிக்கும். நடுவுல இருந்தா நிக்கும்."

வண்டி ஓட்டும் குச்சி விட்டால் ஸ்பிரிங்கில் தானாக நடுவுக்கு வந்துவிடும். அதை யார் போய்த் தொடப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

சாமான் வந்தது. ரிமோட் அண்ணியின் கைக்குப் போன உடனே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. தையல் மெஷின் பெடலை நூல் அறுபடாமல் மிதித்து மிதித்துப் பழகிய ஆள் அல்லவா, அதே நிதானம் கட்டை விரலிலும் இருந்தது. பேட்டரி ஆடாமல் இருக்க, பள்ளிக்கூடப் பை பட்டையை மடித்துத் தைத்து ஒரு பெல்ட்டும் போட்டுக்கொடுத்தார். நான் ஒயரை ஒன்றுவிடாமல் பேனலுக்குக் கட்டுவது போலவே கட்டினேன்.

ஜோடி சேர்ப்பதற்கு மட்டும் அண்ணி நாள் பார்த்தார். "இதும் ஒரு கல்யாணந்தானே," என்று காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் ஏற்றி, ரிமோட்டும் கையுமாகச் சாமி படத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் தரையில் குனிந்து ரிசீவரின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். விளக்கு சிமிட்டி நின்றது. ஜோடி சேர்ந்தாயிற்று.

அதன் பிறகு தினமும் மொட்டை மாடியில் ஓட்டினோம். முதலில் ரிமோட்டைப் போட்டு அப்புறம் வண்டியைப் போடு, முதலில் வண்டியை அணைத்து அப்புறம் ரிமோட்டை அணை என்று புத்தகத்தில் இருந்ததைப் பிசகாமல் செய்தோம். அண்ணி கடைக்கு ஜாக்கெட் தைக்க வந்த ஒருவரையும் விடவில்லை. "ஞாயித்துக்கெழம சண்ட இருக்கு, வந்து பாருங்க," என்று அளவெடுக்கும்போதே அழைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சண்டைக்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. சோதிக்கிற தம்பி எங்கள் வண்டியை நாலு பக்கமும் பலகை அடைத்த பெட்டிக்குள் வைத்து ஓட்டச் சொன்னார். ஓடியது. "சரி, இப்ப ரிமோட்ட ஆஃப் பண்ணுங்க," என்றார். அண்ணி அணைத்தார்.

வண்டி நிற்கவில்லை. முழு வேகத்தில் முன்னால் பாய்ந்து போய்ப் பலகையில் மோதி, மோதின இடத்திலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிடந்தது.

"நிக்கலன்னா உள்ள வுட மாட்டோங்க்கா. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு, சரி பண்ணிட்டு வாங்க," என்றார் அந்தத் தம்பி.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கடைக்காரரைத் திட்டினேன், ரிசீவரைத் திட்டினேன், சும்மா நின்ற நாற்காலியை ஓர் உதை விட்டேன். வேடிக்கை பார்க்க அரியாங்குப்பத்திலிருந்து ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறது. சண்டை போட்டுத் தோற்றால்கூடப் பரவாயில்லை. உள்ளேயே விடவில்லை என்று திரும்பினால் அண்ணி எந்த முகத்தோடு நாளைக்குக் கடையைத் திறப்பார்?

அண்ணி மெதுவாக, "ஏம்மா, அன்னிக்கு ஜோடி சேக்கும்போது நான் குச்சிய முன்னாடி தள்ளிப் புடிச்சிக்கினு இருந்தேன்," என்றார்.

"எதுக்கு அண்ணி?"

"புது வண்டி மொத மொத முன்னாடிதானே போவணும்? நல்ல நேரத்துல சும்மா நிக்கக்கூடாதுன்னு..."

அடக் கடவுளே! முன்னால் போவதைத்தான் அது ஞாபகம் வைத்துக்கொண்டது. மாடியில் எப்போதும் வண்டியை முதலில் அணைத்ததால் இது வெளியே தெரியவே இல்லை. திட்ட வாயெடுத்தேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. "குடுங்க, திரும்பவும் ஜோடி சேத்துடலாம், ஒரு நிமிஷ வேல," என்றேன்.

அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை தாண்டியிருந்தது; ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ராகு காலத்தில் அவர் புதுத் துணியில் கத்தரி வைக்க மாட்டார். கல்யாணப் பெண்ணே வந்து நின்றாலும் ஆறு மணிக்கு மேல் வா என்பார். ராகு காலம் முடிவதற்குள் இங்கே கதவைச் சாத்திவிடுவார்கள்.

"நீங்க வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க அண்ணி, நான் பண்றேன்."

"வேணாம். நான் பண்ணத நாந்தான் மாத்தணும். நீ கீழ குனி," என்றார்.

நான் பொத்தானை அழுத்தினேன். அவர் ரிமோட்டை மேசைமேல் வைத்து, பட்டனைத் தட்டிவிட்டு, விரல் தப்பித் தவறியும் குச்சியில் பட்டுவிடக்கூடாதென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது. விளக்கு சிமிட்டி நின்றது.

திரும்பவும் அதே பெட்டி, அதே தம்பி. வண்டி ஓடியது. ரிமோட் அணைந்தது. எங்கள் முறம் அந்த இடத்திலேயே நின்றது. ஒரு இம்மி அசையவில்லை. "சூப்பர்க்கா, உள்ள போங்க," என்று அவர் சீட்டு ஒட்டினார். ஒரு வண்டி ஓடாமல் நின்றதற்காக இரண்டு பொம்பளைகள் கட்டிப்பிடித்துக் குதித்ததை அந்தக் கல்லூரி அதுவரை பார்த்திருக்காது.

சண்டையில் எங்களுக்கு வாய்த்தது நாலு மாணவர்கள் செய்த வண்டி. அதன் தலையில் ஒரு இரும்புச் சட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. முதல் அடியிலேயே எங்கள் முன் சக்கரம் ஒன்று கழன்று பறந்தது. கூட்டம் "போச்சு" என்றது. அண்ணி குச்சியை விடவில்லை. மிச்சமிருந்த மூன்று சக்கரத்தில் நொண்டிக்கொண்டே போய் முறத்தை அவர்கள் வண்டிக்கு அடியில் கொடுத்து ஒருமுறை குப்புறக் கவிழ்த்தார். அது எப்படியோ புரண்டு எழுந்துகொண்டது. மணி அடிக்கும்வரை இரண்டும் மோதின. கடைசியில் நடுவர்கள் வெற்றியை அவர்களுக்குத்தான் கொடுத்தார்கள்.

வெளியே வந்து உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். அண்ணிதான் எடுத்தார்.

"என்னாக்கா, ஜெயிச்சீங்களா?"

"எங்கடா ஜெயிக்கறது? ஒரு காலு போச்சு. அந்தப் பசங்க அடிச்ச அடிக்கு நம்ம வண்டி தூள் தூளா போயிருக்கணும். ஆனா மணி அடிக்கற வரைக்கும் ஓடுச்சுடா. உன் பொண்டாட்டி கட்டன ஒயரு ஒண்ணு, ஒண்ணுகூட கழலல. எழுதி வெச்சிக்கோ."

கேட்டுக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? போனைப் பிடுங்கி, "ஓட்டனது யாருன்னு உங்க அக்காவ கேளுங்க!" என்று கத்தினேன்.