புங்கந்தழை மிதித்த கழனி

என் வீட்டுக்காரருக்கு விதைநெல் விஷயத்தில் பிடிவாதம் ஜாஸ்தி. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் எங்கள் நிலத்தில் ஒரு கழனியை விதைக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாதி ஊர் எங்கள் வீட்டு விதையைத்தான் விதைத்தது. ஆடி பிறந்தால் மரக்காலும் கோணியுமாக வந்து அளந்துகொண்டு போவார்கள், அறுப்பு முடிந்ததும் புது நெல்லாகத் திருப்பித் தருவார்கள். விதை கேட்டு வாசலுக்கு ஆள் வருவதுதான் அவருக்கு மரியாதை. வேறு எந்தப் பெருமையும் அந்த மனுஷனுக்குக் கிடையாது.

முந்தின வருஷம் எரு போதாமல் அந்தக் கழனிக்கும் யூரியாவைப் போட்டுவிட்டார். பயிர் என்னவோ கருகருவென்றுதான் நின்றது. நெல் பாதி சாவி, உள்ளே அரிசியே இல்லை. முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்து அதில் நெல்லைக் கொட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். மூழ்குவதுதான் விதை. அந்த வருஷம் மிதந்ததை அள்ளி மாளவில்லை. வாங்கிப் போனவர்கள் குறை சொல்லவில்லை என்றாலும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"வெதைக்குள்ளயே சத்து இருக்கணும். அத்தத் தின்னுதான் மொளை வரும். இந்த வாட்டி எருவும் தழையும் தவிர ஒண்ணும் கெடையாது" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. ரோட்டோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. எங்கள் கழனி சேறடித்து நடவுக்குத் தயாராக இருந்தது. ரோட்டிலோ புங்கமரம் புங்கமரமாகத் தழை வாடிக்கொண்டிருந்தது. புங்கந்தழையை அப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியுமா?

"இன்னாத்துக்குங்க நமக்கு அந்த வம்பு?" என்று தடுத்துப் பார்த்தேன்.

"நானா மரத்த வெட்னேன்? கீழ கெடக்கறத அள்ளிக்கினு வரேன், அவ்ளோதான்."

மாட்டு வண்டி நிறையக் கொண்டுவந்து கொட்டினார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே மிதித்தேன். காலுக்கடியில் தழை புதையப் புதைய அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

ரோடு திறந்ததும் போலீஸ் வந்தது. வண்டிப்பாதை நெடுகிலும் சிந்திக் கிடந்த புங்கந்தழை எங்கள் வரப்பு வரைக்கும் அவர்களைக் கூட்டிவந்துவிட்டது.

"யோவ், இந்தத் தழ ஏதுய்யா?"

"ரோட்ல கெடந்துதுங்க" என்றார் அவர். பொய் சொல்ல வராது.

"எருவுக்குங்க சார், வெதை நெல்லுக்குங்க" என்று நான் கத்தினேன். ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மரம் வெட்டியதாகச் சொல்லி அவரைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதே கேஸில் எங்கள் ஊர் ஆட்கள் இன்னும் சில பேரைப் பிடித்தார்கள். நடவை நானே ஆள் விட்டு முடித்தேன். ஒவ்வொரு முடிச்சு நாற்றுக்கும் அழுதேன்.

பிறகு ஒரு அதிகாரி வந்து கழனியைப் பார்த்தார். புதைந்து அழுகிக்கொண்டிருந்த தழையைக் கிளறிப் பார்த்துவிட்டு, இந்த ஆள் சொன்னது நிஜம்தான் என்று அவரை மட்டும் முதலில் விடச் சொன்னார். நான் அந்த அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மற்றவர்கள் இன்னும் ஜெயிலில். குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"எங்கூட்டுக்காரரு உள்ள கெடக்கறாரு. உங்கூட்டுக்காரர மட்டும் எப்டி வுட்டாங்க? பேரு சொல்லிட்டுதான வந்தாரு?"

"அவரு யாரு பேரையும் சொல்லல. வேணும்னா கழனிய வந்து பாரு, எரு கெடக்குது" என்றேன். எருவைக் காட்டினால் யார் நம்புவார்கள்? அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. அவள் புருஷன் உள்ளேதானே இருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடத்தை நிரப்பாமலே திரும்பினேன்.

தையில் அறுத்தோம். கையில் அள்ளினாலே கனம் தெரிந்தது. மற்றவர்களும் ஜாமீனில் வந்து சேர்ந்திருந்தார்கள். ஆனாலும் யாரும் அவரோடு பேசவில்லை.

ஆடி பிறந்தது. அவர் உப்புக் கரைத்து முட்டையை மிதக்க விட்டு, ஒரு படி நெல்லைக் கொட்டினார். அத்தனையும் அடியில் போய் உட்கார்ந்தது. வாசலைப் பெருக்கச் சொல்லி, மரக்காலைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சி கடையில் விதை வாங்கி, மூட்டையைச் சைக்கிளில் வைத்து எங்கள் வாசலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்றைக்குத்தான் சொன்னார். "நெல்ல அவிச்சிடு."

அவித்த நெல் முளைக்காது. "நம்ம கழனிக்காவது கொஞ்சம் எடுத்து வெக்கலாங்க" என்றேன்.

"வாணாம்."

அண்டாவை ஏற்றி அடுப்பை மூட்டினேன். அப்படி ஒரு விதை எங்கள் கழனியில் அதற்கு முன்னும் விளைந்ததில்லை, பின்னும் விளையவில்லை. அந்த வருஷம் முழுக்க அதைத்தான் சோறாக்கித் தின்றோம்.