கிரீஸ் எடுக்கும் சோப்பு

அந்த சோப்பு செங்கல் நிறத்தில், முழங்கை நீளத்தில் இருக்கும். அப்பா அதை இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடால் நான்கு துண்டாக அறுத்து, குளியலறை ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் காயவைப்பார். சுரங்க வேலைக்காரர்கள் கைக் கிரீஸை எடுப்பதற்கான சோப்பு அது. நிலக்கரியைச் சுமந்துபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அப்பா பிட்டர். பெல்ட்டைத் தாங்கிச் சுழலும் உருளைகளுக்கு கிரீஸ் வைப்பதும், தேய்ந்தவற்றைக் கழற்றி மாற்றுவதும் அவர் வேலை. ஷிப்ட் முடிந்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் முழங்கை வரை தேய்ப்பார். கறுப்பு நுரை போய் வெள்ளை நுரை வரும்வரை நிறுத்தமாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பிளஸ் டூ படித்தபோது எனக்கு முகப்பரு வந்தது. முதலில் நெற்றியில் பொடிப்பொடியாக வந்தது. பிறகு இரண்டு கன்னங்களிலும் சிவந்து, சீழ் கோத்து, தலையணையில் சாய்ந்தாலே வலித்தது. எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்த டவுன்ஷிப் என்பதால் எல்லா மாவட்டத்து வைத்தியமும் வந்து சேர்ந்தது. ஒரு வீட்டில் சந்தனம், அடுத்த வீட்டில் பூண்டு, எதிர்வீட்டில் பற்பசை. எதுவும் பலிக்கவில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து காய்கறிக் கூடையோடு வரும் அம்மாள் மட்டும் மருந்து சொல்லாமல் காரணம் சொன்னார். தூரத்து அனல்மின் நிலையப் புகைபோக்கியைக் கத்திரிக்காயால் சுட்டிக்காட்டி, "சாம்பலு காத்துல வந்துகினே கீது. இது மூஞ்சில எண்ணெ வழிஞ்சிகினு நிக்குது. ஒட்டிக்காம இன்னா பண்ணும்?" என்றார்.

அப்பாவுக்கு இந்தக் காரணம் பிடித்துவிட்டது. அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, எண்ணெயும் தூசியும் சேந்தா அதுக்குப் பேரு என்ன? கிரீஸ்தான?" என்றார். திருநெல்வேலியை விட்டு வந்து பல வருடங்கள் ஆகியும் அவர் பேச்சிலிருந்து அந்த ஊர் 'ஏட்டி' போகவில்லை. ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து எனக்கென்று தனியாக வைத்தார். தேய்க்க ஒரு பீர்க்கங்கூடு. ஒரு நாளைக்கு நான்கு வேளை.

முதல் மூன்று நாள் முகம் வறண்டு இறுகியது. பலன் தெரிகிறது என்று நினைத்தோம். பத்தாம் நாள் கன்னம் வெடித்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. பருக்கள் இரண்டு மடங்காகியிருந்தன. நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். முதலில் வயிற்றுவலி என்றேன், பிறகு காய்ச்சல் என்றேன், அதற்குப் பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன். வருகை நாட்கள் குறைந்தால் பொதுத்தேர்வு எழுத விடமாட்டார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். லேடி டாக்டர் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். எதனால் கழுவுகிறாய் என்று கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார். டாக்டருக்கும் இது பயன்படும் என்ற எண்ணத்தில் அவர் கையோடு கொண்டுவந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இது எதுக்குங்க?"

"கிரீஸ் எடுக்குறதுக்குங்க."

"உங்க பொண்ணு எந்த ஷிப்ட் பாக்குறா?"

அப்பா பொட்டலத்தை மறுபடி மடித்தார். டாக்டர் கோபப்படாமல் விளக்கினார். இந்த வயதில் தோலுக்கு அடியிலிருந்து எண்ணெய் அதிகம் சுரக்கும். அது வெளிவரும் துளை அடைத்துக்கொண்டால் பரு. சாம்பலுக்கும் அழுக்குக்கும் இதில் பங்கில்லை, தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். சாதாரண சோப்பால் இரண்டு வேளை, வெறும் கையால் கழுவினால் போதும். கிள்ளக் கூடாது. தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு இறங்கக் கூடாது. புண் ஆறியபிறகு இரவில் மெல்லியதாகக் களிம்பு தடவ வேண்டும். தெரிகிற மாற்றத்துக்கு எட்டு, பத்து வாரம் ஆகும், குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

"அப்போ முழுசா போவாதுங்களா?" என்றார் அப்பா.

"அடங்கும். மறுபடி எட்டிப் பாக்கும். பாத்துக்கிட்டே இருக்கணும்."

அப்பா சற்று யோசித்து, "மெயின்டனன்ஸ்ங்க" என்றார்.

"அதேதான். நீங்க பண்ணினதுக்குப் பேரு பிரேக்டவுன்."

திரும்பும் வழியில் அவர் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும், பத்து வாரம் கழித்துத்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று நான் சொன்னேன். "பரு போறவரைக்கும் பரீட்சை காத்துக்கிட்டு இருக்குமா?" என்று அம்மா கத்தினாள். அப்பா குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் சாப்பாடு போடும்போது அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "உங்க மூஞ்சிக்கு என்ன ஆச்சு?"

கன்னம் இரண்டும் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவள நாலு வேளை அந்தச் சோப்பப் போடச் சொன்னேன்லா? எப்படி எரியும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"எத்தன நாளா?"

"ஆறு நாளு."

"இதோடயேவா ஷிப்டுக்குப் போனீங்க?"

"போகாம? கூட வேல பாக்கவனுவ, மாப்பிள்ளை என்ன பவுடர் போடுதாருன்னு கேக்கானுவ. சிரிச்சா சிரிக்கட்டும்."

அம்மாவும் சிரிக்கத் தொடங்கினாள், பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அடுத்த அறையின் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுததாக நினைவில்லை. யூனிபார்ம் தாவணியைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டது நினைவிருக்கிறது.

மறுநாள் அவருக்கு மதியம் தொடங்கும் இரண்டாவது ஷிப்ட், அதனால் காலையில் என்னோடு பள்ளிக்கு வந்தார். நீண்ட விடுப்புக்குப் பெற்றோர் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்பது பள்ளியின் விதி. தலைமையாசிரியை இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"மூஞ்சி சரியில்லீங்க" என்றார் அப்பா.

தலைமையாசிரியை என் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு பேருக்குமா?"

"ஆமாங்க. ஒரே சோப்பு."

அவர் என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார். தேர்வு எழுதும்போது தாடையில் இன்னும் இரண்டு பரு இருந்தது. எழுதினேன்.

அப்பா இப்போது இல்லை. என் மகளுக்குப் பதினாறு வயது, அவளுக்கும் முகப்பரு. எந்தக் களிம்பை எப்போது தடவ வேண்டும், வெயிலுக்கு என்ன பூச வேண்டும் எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்குச் சொல்லித்தர ஏதும் இல்லை. ஆனாலும் சில காலைகளில் கண்ணாடி பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பத்திரிகை வேலையில் எத்தனையோ பேரைப் பேசவைத்திருக்கிறேன். அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும்போது ஒரு வாக்கியமும் வருவதில்லை. அலுவலகத்துக்கு இன்று தாமதமாக வருவேன் என்று போனில் சொல்லிவிட்டு, கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.