அண்ணன் சொன்ன பதில்

கிளினிக்கில் மாத்திரை வாங்கித் திரும்பும்போது தாதி என்னைக் கூப்பிட்டார். "மனநல வாட்டை எப்படித் திருத்தலாம்னு அடுத்த புதன் டொக்டர்மார் கூடிப் பேசுறாங்க. அங்க நோயாளியா இருந்த ஆள் ஒருத்தரும் வேணுமாம். நீங்க வாங்களேன்."

தலையாட்டிவிட்டேன். பஸ் எங்கள் ஊர் கலஹாவுக்கு வந்து சேருமுன்பே பயம் பிடித்துக்கொண்டது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன் மூன்று வாரம் மனநல வாட்டில் இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது. வயிற்றுக் கோளாறு என்று சொல்லியிருந்தோம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் குறை சொன்னால், இவளுக்கு நோய் திரும்பவும் வந்துவிட்டது என்று எழுதிவிடுவார்களோ?

புதன்கிழமை, நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். கதிரை நுனியில் உட்கார்ந்தேன். மருந்தால் வரும் கைநடுக்கத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். பெரிய டொக்டர் சிங்களத்தில் கேட்டதைத் தாதி தமிழில் சொன்னார். "வாட்டுல உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?"

குளியலறை, சாப்பாடு என்று துண்டுக் காகிதத்தில் எழுதிப் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"எனக்குச் சிங்களம் சரியாப் பேச வராது. அண்ணன்தான் எனக்காகச் சிங்களத்துல எடுத்துச் சொன்னாரு. மாத்திரை போட்டா கால் ஒரு இடத்துல நிக்குதில்ல, படுக்க முடியல்லன்னு நான் சொன்னேன். 'மருந்து வேணாங்குறா'ன்னு அவர் சொல்லிட்டாரு. அது எனக்கு விளங்குச்சு. மறுத்துச் சொல்லத்தான் வாய் வரல்ல. ஊசி போட்டாங்க. கால் இன்னும் மோசமாயிருச்சு."

பெரிய டொக்டர் எதையோ எழுதினார். ஓர் இளம் டொக்டர் அரைகுறைத் தமிழில், "இப்ப தூக்கம் எப்படி?" என்றார். நான் சொன்னதையே நோய் என்று எழுதப்போகிறாரோ?

"அதைக் கிளினிக் நாள்ல சொல்றேன் டொக்டர்," என்றேன். அவர் தலைகுனிந்து, "சரி, சரி," என்றார்.

அடுத்த கிளினிக் வரை போன் அடித்தாலே ஆஸ்பத்திரியிலிருந்தோ என்று பயந்தேன். அன்று வழக்கம்போல அண்ணனும் கூட வந்தார். தாதி அவரிடம், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இனி தமிழ் ஆட்களை நாங்களே தனியாக் கேக்கணும்னு முடிவாயிருக்கு," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார், "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

கூட்டத்தில் சொன்னதை அவரிடமும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கி நடக்கும்போதுதான் பேசினார்.

"எனக்கு அப்படித்தான் விளங்குச்சு. அன்னைக்கு நானும் பயந்துபோய்த்தான் நின்னேன்."

டொக்டர்மாரின் அடுத்த கூட்டத்துக்கும் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தபடியே நடந்தேன்.